எல்லாம் முதுகால்தான்

எனக்கு முதுகு கோணல். பதிமூன்று வயதில் பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "ஒரு தோள் ஏறியிருக்கே, பை தூக்குறதாலயா?" என்றார். பையை மறுதோளில் மாற்றித் தூக்கிப் பார்த்தேன். தோள் இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பு மேலே வலப்பக்கம் வளைந்து, இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் திரும்பி, ஓடுகிற பாம்பு மாதிரி இருந்தது. ஆபரேஷன் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு முதுகு அது பாட்டுக்கு இருந்தது, நான் என் பாட்டுக்கு வளர்ந்தேன். சாத்தூரில் படித்தேன், சைக்கிள் ஓட்டினேன், சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டர் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் சுற்றியிருந்தவர்களுக்கு என் முதுகு ஒரு பெரிய வசதியாகப் போய்விட்டது. சளி பிடித்தால் முதுகால். சாப்பாடு செரிக்காவிட்டால் முதுகால். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்த் தகவலே சொல்லாமல் இருந்தால் அதுவும் முதுகால். அந்த ஒன்று மட்டும் உண்மை.

என் கணவர் அதே அச்சகத்தில், அச்சுக்கு வேண்டிய உலோகத் தகடு தயாராகிற பிளேட் பிரிவில் இருந்தார். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய அம்மாவுக்குத்தான் தேவைப்பட்டது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் உருட்டுகிற வேலை அத்தைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "இங்கன திரும்பு தாயி" என்று என்னைத் திருப்பி நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் கேட்டார்.

"புள்ள பெத்துக்கிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காகளா?"

"சொல்லியிருக்காக" என்றாள் அம்மா. எந்த டாக்டரிடமும் யாரும் கேட்டதில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் உண்டானேன். அத்தை ஒரு மத்தியானம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். சாயங்காலம் ஆலை வேனில் வந்து இறங்கிய பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அத்தோடு அந்தச் சந்தோஷம் முடிந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒருத்திக்குக் கூனல் முதுகாம், ஏழு மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டதாம், தங்கவில்லையாம்.

"வயித்துக்குள்ள இடம் இருந்தாத்தான தாயி புள்ள வளரும்? இடம் பத்தலைன்னா அது என்ன செய்யும், முன்னாலயே வெளிய வந்திரும்" என்றாள் ஒருத்தி. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் இறங்கிப்போகிறவரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள்.

சிவகாசியில் நான் காட்டிய டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். "முதுகு கோணலா இருந்தா குறைமாசத்துல பொறக்குமா டாக்டர்?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"பொதுவாச் சொல்றாங்கம்மா. உங்க முதுகை வெச்சுக்கிட்டு இங்க பாக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது அது. என் வயிற்றைப் பார்க்க ஒரு டாக்டர் வந்தார், முதுகைப் பார்க்க ஒரு வகுப்பே வந்தது. "ஒரு தடவை குனிஞ்சு காட்டுங்கம்மா" என்பார்கள். குனிவேன். விலா எலும்பு ஒரு பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆளாளுக்குத் தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்த குழு வரும், மறுபடி குனிவேன். அந்த மாதங்களில் நான் குனிந்து காட்டிய நேரத்துக்கு ஒரு கரிசல் காட்டுக்கே களை எடுத்திருக்கலாம். மூச்சு ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருப்பதாக எழுதினார்கள். சரி, அப்படியானால் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா என்று கேட்டால், "பாப்போம்" என்பார்கள்.

அங்கேதான் ஓர் ஆராய்ச்சி டாக்டரைச் சந்தித்தேன். மேற்படிப்பு படிக்கிற பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். எப்போதும் அவசரத்தில் இருப்பாள். ஸ்டெதஸ்கோப்பை எங்காவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாள். கர்ப்பிணிகளின் கீழ்முதுகு வளைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டா என்பது அவளுடைய ஆராய்ச்சி.

"எல்லாருக்குமே இடுப்புக்கிட்ட முதுகெலும்பு உள்பக்கமா வளைஞ்சுதான் இருக்கும். வயிறு பெருசாகப் பெருசாக அந்த வளைவு கூடும். சிலருக்கு ரொம்பக் கூடும். கர்ப்பப்பை உக்கார்ற விதம் அதனால மாறுமா, மாறினா பிரசவ நேரம் மாறுமா, இதைத்தான் பாக்குறோம்" என்றாள். வளைத்தால் வளைந்தபடியே நிற்கிற ரப்பர் அளவுகோல் ஒன்றை என் முதுகில் அழுத்தி, அப்படியே எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்தாள். அதை ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும், நான் ஆராய்ச்சியில் சேர்கிறேனா என்று கேட்டாள்.

"சேர்றேன். முதல்ல ஒன்னு சொல்லுங்க. என் முதுகுனால என் புள்ள முன்னாடியே பொறந்திருமா?"

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "தெரியாது" என்றாள். "கொஞ்சம் வாய்ப்பு அதிகம்னு சிலர் எழுதியிருக்காங்க. வித்தியாசமே இல்லைன்னு சிலர் எழுதியிருக்காங்க. உங்களுக்கு எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. குறைப்பிரசவம் ஆன பல பேருக்கு அது ஏன் ஆச்சுன்னே யாருக்கும் தெரியறதில்லை."

அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என் முதுகைப் பற்றித் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அதற்குள் அச்சகத்தில் சீசன் சூடுபிடித்துவிட்டது. ஆடி பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானால் பிறகு மார்கழி வரை மூச்சுவிட முடியாது. ஜவுளிக்கடைக்கு லட்சுமி, நகைக்கடைக்கு முருகன், அரிசி மண்டிக்கு இயற்கைக் காட்சி என்று ஆர்டர் வந்து குவியும். பேப்பர் லோடு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். குடோன் நிரம்பி, நடைபாதை நிரம்பி, கடைசியில் பின்பக்கம் பெண்கள் கழிப்பறைக்குப் போகிற வழியிலும் பேப்பர் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். ஆண்கள் கழிப்பறை மெஷின் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போவதென்றால் வெளியில் ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் மெஷின் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் இனிப்பு கொடுத்தனுப்புவார். "சீசன் முடியட்டும்மா, எடுத்திருவோம். மழைக்காலம், பேப்பரை எங்கன கொண்டுபோய் வைக்கச் சொல்ற?" என்றார். என் கணவரும் தனியாகப் போய்ச் சொன்னார். அதே பதில்.

பைண்டிங் பிரிவில் இருந்த அக்கா, வருஷக்கணக்காக அங்கே இருக்கிறவர், எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார். "தண்ணி குடிச்சாத்தான போகணும்? காலையில ஒரு காப்பி, மத்தியானம் சோத்தோட ரெண்டு மடக்கு. அம்புட்டுதான். வீட்டுக்குப் போய் வேணும்கிறதைக் குடிச்சிக்கோ. நாங்கள்லாம் அப்படித்தான இருக்கோம்."

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும்போது தலையாட்டுவேன். எங்கே போய் இறக்கி வைப்பது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐப்பசி வாக்கில் முதுகு வலிக்க ஆரம்பித்தது. வழக்கமான இடுப்புப் பிடிப்பு இல்லை இது. வலப்பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, உள்ளே ஆழத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். சிறுநீர் போகும்போது எரியவும் செய்தது. அது உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் குடித்தேன். வலியை மட்டும் எல்லோரிடமும் சொன்னேன்.

கணவரிடம் சொன்னேன். மறுநாளே என் நாற்காலிக்குப் பஞ்சு வைத்த மெத்தை ஒன்று தைத்துக் கொண்டுவந்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அது.

அத்தையிடம் சொன்னேன். தீபாவளி முடிந்தால் ஆலைகளெல்லாம் சில வாரங்கள் அடைத்துக்கிடக்கும். அத்தை முழு நேரமும் வீட்டில் இருந்தார், அதாவது முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு இருக்கிற முதுகுக்கு வலிக்காம என்ன செய்யும்? புள்ள பாரம் ஏறுதுல்ல" என்று உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஒத்தடம் சுகமாகத்தான் இருந்தது. வலி போகவில்லை.

சிவகாசி டாக்டரம்மாவிடம் போனேன். என்னைத் தொடவேயில்லை. "உங்க முதுகுக்கு இது எதிர்பார்த்ததுதான். ஒரு பெல்ட் எழுதித் தர்றேன், போட்டுக்கங்க" என்றார். பெல்ட்டும் போட்டேன். பெரிய வயிற்றுக்குக் கீழே பெல்ட், மேலே சேலை, நாற்காலியில் மெத்தை. வலி மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது.

ஆராய்ச்சி டாக்டரிடம்கூடச் சொன்னேன். "முதுகுவலி இருக்கா?" என்பது அவளுடைய கேள்விகளில் ஒன்று. "இருக்கு" என்றேன். "பத்துக்கு எத்தனை போடலாம்?" "ஏழு." எழுதிக்கொண்டாள். ரப்பர் அளவுகோலை எடுத்து முதுகில் வைத்தாள். வளைவு போன தடவையைவிடக் கூடியிருக்கிறது என்று ஆர்வமாகச் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, எட்டாம் மாதம் தொடங்கிய சமயம், ஒரு நகைக்கடைக் காலண்டருக்கு முருகனை இடது பக்கம் தள்ளிக் கடையின் பெயரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று குளிர்ந்தது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகும் பல் தந்தியடித்தது. மவுசைப் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு கல் மாதிரி இறுகி, விட்டு, மறுபடி இறுகியது. பைண்டிங் அக்கா ஓடிவந்து நெற்றியில் கைவைத்து, "ஆத்தாடி, அனலாக் கொதிக்குது" என்று கத்தினார். என் கணவர் மை பட்ட கையோடு ஓடிவந்தார். ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக அவர் என் முதுகைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

பிரசவ வார்டில் இருந்த டூட்டி டாக்டர் குள்ளமாக, கடுகடுப்பாக இருந்தார். அவரைச் சுற்றி மாணவர்கள் யாரும் இல்லை. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இதோ ஆரம்பித்துவிட்டார்கள், இனிக் குனியச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மறுகை முஷ்டியால் மெதுவாகக் குத்தினார். உயிர் போய் வந்தது எனக்கு. அலறிவிட்டேன்.

"ஒன்னுக்குப் போறப்ப எரியுதா?"

"எரியுது."

"எவ்வளவு நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"முதுகு வலிக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் டாக்டர். எரியுதான்னு யாரும் கேக்கலை."

"வலிக்குதுன்னதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒன் முதுகுக்கு வலிக்காம என்ன செய்யும்னாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே, கையுறை போட்ட கையால்.

பிறகுதான் எனக்கும், ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த அத்தைக்கும் விளங்கச் சொன்னார்கள். சிறுநீரகம் இரண்டும் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும்தான் இருக்கின்றன. அது வலித்தால் முதுகு வலிப்பது மாதிரித்தான் இருக்கும். தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைத்துக் கிடந்ததால் சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அந்தத் தொற்றும் காய்ச்சலும் சேர்ந்து கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கின்றன. நேரத்தோடு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் மாத்திரையும் கிடைத்திருந்தால் ஒருவேளை இந்த அளவுக்கு வந்திருக்காது. என் முதுகை ஒரு படையே பார்த்திருந்தது. பார்த்தவர்களின் கண் முதுகெலும்போடு நின்றுவிட்டது.

ஊசி மருந்து ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தனி ஊசி போட்டார்கள். காய்ச்சல் தணிந்தது, ஆனால் வயிறு இறுகுவது நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், இனித் தள்ளிப்போட முடியாது, குழந்தை கால் கீழாக இருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார்கள்.

அங்கே என் முதுகு மறுபடி தன் கச்சேரியை ஆரம்பித்தது. மரத்துப்போவதற்கான ஊசியை முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் போட வேண்டும். என்னை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, இளம் டாக்டர் ஒருவர் குத்தினார். எலும்பு. மறுபடி குத்தினார். மறுபடியும் எலும்பு. "இடமே கிடைக்கல சார்" என்றார். நடுவில் வயிறு வேறு இறுகிக்கொண்டிருந்தது. "முழு மயக்கம் குடுத்திருவோமா?" என்று ஒருவர் கேட்டார். "காய்ச்சல் இப்பத்தான் விட்டிருக்கு, பாத்துக்குங்க" என்றார் இன்னொருவர். இவர்கள் பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளை தானாக இறங்கி வந்து சமாதானம் செய்துவைக்கும் போல இருந்தது.

பெரிய மயக்க டாக்டர் வந்தார். குத்திய இடத்தைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார். "முதுகு பக்கவாட்டுல மட்டும் வளையலப்பா. மாடிப்படி திரும்புற மாதிரி ஒவ்வொரு எலும்பும் திரும்பியும் இருக்கு. நீ நடுவுலன்னு நெனச்சுக் குத்துறது ஓரத்துல இருக்கு." ஸ்கேன் கருவியை முதுகில் வைத்துத் தேடினார். ஒரு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். ஊசியைச் சற்றுச் சாய்த்து உள்ளே விட்டார். போய்விட்டது. அப்படியும் இடது கால் மரத்தது, வலது கால் எனக்கென்ன என்று இருந்தது. என்னை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடி அவரே நின்றார். "பயப்படாத, கொஞ்சம் பொறு, வளைஞ்ச வாய்க்கால்ல தண்ணி சுத்தித்தான் வரும்" என்றார். சுற்றித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் பூனைக்குட்டியுடையது மாதிரி இருந்தது. ஒரு கண நேரம் காட்டிவிட்டுப் பச்சிளங்குழந்தை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கணவர் பின்னாலேயே ஓடினார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நான் எழுந்து நடந்து அந்த வார்டின் வெளிவராந்தாவுக்குப் போனபோது, அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன். இவ முதுகுக்குப் புள்ள நிக்காதுன்னு தெரியும். உள்ள எடமில்லாமத்தான் முன்னாலயே வந்திருச்சு. என்னத்தச் செய்ய, எல்லாம் அந்த முதுகால..."

பதிமூன்று வயதிலிருந்து சேர்த்துவைத்தது அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது.

"முதுகு இல்ல அத்தை! மூத்திரம்! மூத்திரத்துல கிருமி! டாக்டர் ஒங்க முன்னாலதான சொன்னாக? கம்பெனியில ஒன்னுக்குப் போக வழியில்லாம தண்ணி குடிக்காமக் கெடந்து வந்தது! முதுகு ஒன்னும் செய்யல! ஒன்னுமே செய்யல!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தையல் போட்ட வயிறு இழுத்தது; சுவரைப் பிடித்துக்கொண்டேன். காவலாளி வந்து, "சத்தம் போடாதீங்கம்மா, உள்ள குழந்தைக இருக்கு" என்றார். சொந்தக்காரர்கள் பழப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் என்னைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அம்மா மேல கோவப்படாத" என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொன்னால் அவரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று. அவர் சொல்லவில்லை.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எம் மவன் பொறக்கிறதுக்கு முன்னால எனக்கு ரெண்டு புள்ள தங்கல, தெரியும்ல?"

எனக்குத் தெரியாது. என் கணவருக்கே தெரியாது என்று பிறகு தெரிந்தது.

"ரெண்டும் குறைமாசம். மொதப் புள்ளைக்கு, அப்ப தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கிட்டிருந்தேன், குத்தவெச்சு உக்காந்து வேலை பாத்ததாலன்னு ஏசுனாக. ரெண்டாவதுக்கு, குடம் தூக்குனதாலன்னாக. எங்க மாமியா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு." கஞ்சியைக் கரண்டியால் ஆற்றினார். "எனக்கும் அப்ப ஒன்னுக்கு எரியத்தான் செஞ்சது. குளிர்காய்ச்சலும் வந்துச்சு. அதா இருக்குமோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கலாம் அத்தை. இப்ப யாருக்கும் தெரியாது. ஆனா நீங்க குடம் தூக்குனதாலன்னு சொன்னாகளே, அது அவுகளுக்கும் தெரியாது."

 "குடி, ஆறிப்போகும்" என்று கஞ்சியை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு என் முதுகைப் பற்றி அத்தை யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது ஆராய்ச்சி டாக்டர் வந்தாள். முகம் வாடியிருந்தது. குழந்தையைப் பார்த்தாள், எடை விசாரித்தாள்.

"உங்க வலியைப் பத்தி நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்" என்றாள். "எழுதிக்கிட்டேன், அவ்வளவுதான். கேக்கலை."

கோபப்பட நினைத்தேன். எப்போதும் எதையாவது தொலைத்துத் தேடுகிற அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

"இன்னொன்னும் சொல்லணும்" என்றாள். "உங்களை ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டாங்க. பிறவியிலயோ சின்ன வயசுலயோ முதுகு கோணலானவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான்தான் கவனிக்காமச் சேர்த்துட்டேன். பேராசிரியர் பாத்துட்டுத் திட்டினாங்க."

"என்னது? முதுகை ஆராய்ச்சி பண்றீக, அதுல கோணல் முதுகு கூடாதா?"

"நேர் முதுகுகளுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசத்தைத்தான் பாக்குறோம். உங்களோடது மொத்தக் கணக்கையும் ஒரு பக்கமா இழுத்துரும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குழந்தை நெஞ்சில் இருந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"சரி. இனி எல்லாரையும் ஒன்னு கேளுங்க. வேலை பாக்குற இடத்துல கக்கூஸ் இருக்கா, தண்ணி குடிக்கிறீகளான்னு. அதை ஆராய்ச்சி பண்ணுங்களேன். எங்க பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம்னு எம்புட்டுப் பொம்பளைக இருக்கோம்."

அவள் தயங்கினாள். "சிறுநீர்த் தொற்றால குறைப்பிரசவம் வரும்கிறது ஏற்கனவே நல்லாத் தெரிஞ்ச விஷயம். நிறைய எழுதிட்டாங்க. புதுசா ஒன்னும் இல்லைன்னு அந்தத் தலைப்பை ஒத்துக்க மாட்டாங்க."

தெரியாததைத்தான் ஆராய வேண்டுமாம். தெரிந்ததை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.  அவள் போகும்போது, கேட்கிற கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன், ஆராய்ச்சிக்கு இல்லாவிட்டாலும் கேட்கிறேன் என்றாள். கேட்டிருப்பாள் என்றே நம்புகிறேன்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தாள். நான் மறுபடி வேலைக்குப் போனபோது அடுத்த ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க வழியில் பேப்பர் கட்டுகள் ஏறத் தொடங்கியிருந்தன. முதலாளியிடம் போனேன்.

"ஒனக்கு முதுகு இப்படி இருக்கையில, புள்ள முன்னாலயே பொறந்ததுக்கு என் பேப்பர் என்னம்மா செஞ்சது?" என்றார். வருத்தமாகவே கேட்டார்.

அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வெளியே வந்து, அந்தக் கட்டுகளின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பைண்டிங் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடி?" என்றார். "ஒன்னுமில்லைக்கா, வழி விட்டாத்தான் எந்திரிப்பேன்" என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையிலிருந்த பசைத் தூரிகையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பைண்டிங் பிரிவு மொத்தமும் வந்து உட்கார்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஆல்பம் வெளியாக வேண்டிய வாரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவரும் மெஷின் ஆட்கள் நாலு பேரும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கட்டுகளை நகர்த்தினார்கள். முதலாளி அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த வருஷத் தீபாவளி இனிப்பு எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

இப்போதும் ஒவ்வொரு ஆடிக்கும் ஒன்றிரண்டு கட்டு அந்த வழியில் வந்து நிற்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதற்கு ஒரு சண்டை. அலுத்துத்தான் போகிறது. ஆனாலும் போடுகிறோம்.

மகளுக்கு நாலு வயது. மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மெலிவு, வாய் கொஞ்சம் அதிகம். போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணம். பந்திக்கு நின்றபோது தூரத்து உறவில் சித்தி முறையாகிற ஓர் அம்மா குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் பக்கத்தில் இழுத்து, பட்டுச் சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கி, விரலால் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே இறங்கினார். இவள் நெளிந்து திரும்பினாள்.

"என்ன பாக்குறீக?"

"ஒன்னுமில்லடா கண்ணு. ஒங்கம்மாவுக்கு மாதிரி இருக்கான்னு..." என்று அந்த அம்மா என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "நேராத்தான் இருக்கு. அப்ப எதுக்குத்தான் குறைமாசத்துல பொறந்துச்சு?"

நான் மகளின் சட்டையை இழுத்துவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் பந்தியில் இடம் காலியாகி, இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"கம்பெனியில கக்கூசுக்கு வழி இல்லாததால சித்தி" என்றேன். "ஒங்க மருமக சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீசுக்குத்தான போறா? அங்க எப்படின்னு போய்க் கேளுங்க."

 நான் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இலையின் முன்னால் உட்காரவைத்தேன். அவள் முதலில் தண்ணீர்தான் வேண்டும் என்றாள்.